சோழவரம் ரேஸ்

மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் அடித்த வர்ணம் மங்குவதற்குள் மாமா பேச்சை மாற்றிவிடுவார். அதுவரை யூனியன், போனஸ், எம்.ஜி.ஆர். உடல்நிலை என்று ஓடிக்கொண்டிருந்த பேச்சு திடீரென்று பிளக், கார்புரேட்டர், ஸ்ப்ராக்கெட் என்று திரும்பும். சோழவரம் ரேஸ் வருகிறது என்று எங்கள் வீட்டுக்குத் தெரிவது இப்படித்தான். பேப்பரில் விளம்பரம் வருவதெல்லாம் அதற்குப் பிறகு.

எண்பதுகளின் நடுவில் மணலி புதுநகர் நிஜமாகவே புதுசு. வீடு கட்டின மனைகளைவிடச் சீமைக்கருவேலம் முளைத்த மனைகள் அதிகம். திருவொற்றியூரிலும் ராயபுரத்திலும் ஒண்டுக்குடித்தனம் இருந்தவர்கள் சொந்த வீடு என்ற ஆசையில் வந்து சேர்ந்த ஊர். மழைக்காலத்தில் கொசஸ்தலை ஆறு பெருகினால் தெருவுக்குள் தண்ணீர் வந்துவிடும். வெயில் காலத்தில் காற்று திரும்பினால் உரக் கம்பெனியின் அம்மோனியா வாடை மூக்கைக் குத்தும். இரவில் மொட்டை மாடியில் படுத்தால் தெற்கே ரீபைனரியின் புகைபோக்கி உச்சியில் தீ எரிவது தெரியும். அப்பா அங்கேதான் வேலை பார்த்தார். தீ கொஞ்சம் பெரிதாக எரிந்தால் "உங்கப்பா இன்னிக்கு வூட்டுக்கு லேட்டாத்தான் வருவாரு" என்பாள் அம்மா.

மாமா, அம்மாவின் தம்பி, திருவொற்றியூர் என்ஃபீல்டில் என்ஜின் அசெம்பிளி. அப்போது கல்யாணம் ஆகாதவர். எங்கள் வீட்டிலேயே சாப்பாடு. அவரிடம் ஒரு பழைய புல்லட் இருந்தது. அதை ஸ்டார்ட் செய்யும்போது ஆம்மீட்டர் பார்ப்பது என் வேலை. கிக்கரைக் காலால் மெல்ல அழுத்துவார். ஓரிடத்தில் இறுகி நிற்கும். இடது கைப்பிடிக்குக் கீழே இருக்கும் டிகம்ப்ரஷர் லீவரை ஒரு விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு கிக்கரை இன்னும் ஒரு நூல் இறக்குவார். ஹெட்லைட் கூட்டின் மேலே சின்னதாய் ஆம்மீட்டர். அதன் முள் நடுவுக்கு வரவேண்டும்.

"வந்துச்சாடா?"

"இல்ல மாமா."

"இப்ப?"

"வந்துருச்சு, வந்துருச்சு!"

லீவரை விட்டுவிட்டு ஒரே மிதி. கடகடவென்று பிடித்துக்கொள்ளும். முள் நடுவுக்கு வராமல் மிதித்தால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் போய்விடும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார். அந்தக் காலத்துப் புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். போதாததற்கு, எந்த கியரில் இருந்தாலும் குதிகாலால் ஓர் அழுத்து அழுத்தினால் நியூட்ரலுக்கு வந்துவிட ஒரு தனி லீவர். இந்த மூன்றும் தெரியாதவனுக்கு மாமா வண்டியைத் தொடக்கூடக் கொடுக்கமாட்டார்.

ரேஸ் என்ற சொல்லே அப்பாவுக்கு ஆகாது. அவர் தலைமுறையில் ரேஸுக்குப் போனவர்கள் என்றால் கிண்டியில் குதிரைமேல் காசு கட்டிக் குடும்பத்தைத் தெருவில் விட்டவர்கள். மாமா ஒவ்வொரு வருஷமும் பொறுமையாக விளக்குவார். "மாமா, இதுல பணம் கட்டுறது கெடையாது. வண்டி ஓடும், நாம பார்ப்போம், அவ்ளோதான்." பணம் வராத விஷயத்துக்கு எதற்கு இவ்வளவு தூரம் போக வேண்டும் என்பது அப்பாவின் அடுத்த கேள்வியாக இருக்கும்.

தூரம் ஒன்றும் அதிகமில்லை. மணலி வந்து, மாதவரம் பால் பண்ணையைச் சுற்றி ஜி.என்.டி. ரோட்டில் ஏறினால் புழல் ஏரிக்கரை. அதைத் தாண்டினால் செங்குன்றம். அரிசி மில்களின் உமிச்சூட்டு வாசனை அங்கேயே ஆரம்பித்துவிடும். ரோட்டோரத்தில் அவித்த பனங்கிழங்கைக் கட்டுக்கட்டாக வைத்துக்கொண்டு பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். மாமா அங்கே வண்டியை நிறுத்தி ஒரு கட்டு வாங்குவார். கிழங்கை நாராகக் கிழித்துத் தின்றபடி, நடுத்தண்டை நான் தனியாக எடுத்து வைத்துக்கொள்வேன். அதற்குள் எங்களைக் கடந்து போகும் வண்டிகளின் சத்தத்தில் ரேஸுக்குப் போகிறவன் யார், ஆந்திராவுக்குப் போகிறவன் யார் என்று மாமா சொல்லிக்கொண்டே இருப்பார். பெரும்பாலும் சரியாக இருக்கும். சைலன்ஸரில் கம்பளி எடுத்த வண்டிகள் எல்லாம் சோழவரத்துக்குத்தான் திரும்பும்.

சோழவரத்தில் ரேஸ் நடந்த இடம் ரேஸுக்காகப் போட்டதில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் மெட்ராஸைத் தாக்குவான் என்ற பயத்தில் வெள்ளைக்காரன் போட்ட விமான ஓடுபாதை அது. 1942-ல் நகரத்தையே காலி செய்து ஜனம் ஓடிய கதையை எங்கள் ஆயா சொல்வாள். அதே பயத்தின் மிச்சம்தான் உளுந்தூர்ப்பேட்டையிலும் கயத்தாற்றிலும் செட்டிநாட்டிலும் கிடந்த ஓடுபாதைகள். போர் முடிந்து விமானம் போய்விட்டது, பாதை கிடந்தது. நேராக, அகலமாக, ஆள் நடமாட்டமில்லாமல் ஒரு தார்ப்பாதை சும்மா கிடந்தால் மோட்டார் பித்துப் பிடித்தவன் விடுவானா? இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனும் இப்படிப் போர்க்கால விமானத்தளமாக இருந்ததுதான். 1950-ல் உலக சாம்பியன்ஷிப்பின் முதல் பந்தயமே அங்கேதான் நடந்தது. கல்கத்தாவுக்குப் பாரக்பூர், பம்பாய்க்கு ஜுஹு, இலங்கைக்குக் கட்டுகுருந்த, எல்லாம் ஓடுபாதைகள்தான். மெட்ராஸுக்கு வாய்த்தது சோழவரம். 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதை நாடறிந்த இடமாக்கியது. முப்பது வருஷத்துக்கு மேல் இந்தியாவில் மோட்டார் ரேஸ் என்றால் சோழவரம் என்று இருந்தது.

விமானம் இறங்கப் போட்ட பாதையில் வளைவு ஏது? மணல் மூட்டை, டிரம், வைக்கோல் கட்டு வைத்து வளைவை உண்டாக்குவார்கள். நீளமான நேர்பாதையில் காதைப் பிளந்துகொண்டு வருகிற வண்டி, வளைவு வந்ததும் அப்படியே சுருங்கி, கியர் ஒவ்வொன்றாக இறங்கி, வைக்கோல் கட்டை உரசுகிற மாதிரித் திரும்பி மறுபடி கத்திக்கொண்டு கிளம்பும். மாமா எப்போதும் வளைவுக்குப் பக்கத்தில்தான் இடம் பிடிப்பார். "நேர் ரோட்டுல எவன் வேணா போவான். கை வேலை வளைவுலதான் தெரியும்."

கம்புக்கும் கயிற்றுக்கும் இந்தப் பக்கம் நாங்கள். கையை நீட்டினால் தொடலாம் என்பது மிகைதான், ஆனால் ரைடரின் கையுறையில் தையல் விட்டிருப்பது தெரியும் தூரம். தூசி முகத்தில் அப்பும். எல்லாவற்றையும் தாண்டி எனக்கு நினைவிருப்பது வாசனை. டூ ஸ்ட்ரோக் ரேஸ் வண்டிகளுக்குப் பெட்ரோலில் விளக்கெண்ணெய் அடிப்படையிலான ஆயில் கலப்பார்கள். அது எரிந்து வரும் நீலப் புகைக்கு ஒரு கனத்த இனிப்பு வாசனை உண்டு. மாதம் ஒருமுறை வயிறு சுத்தமாக வேண்டுமென்று மூக்கைப் பிடித்து அம்மா ஊற்றுவதும் விளக்கெண்ணெய்தான். ஒரே எண்ணெய், ஒன்றுக்குப் பயந்து ஓடுவேன், இன்னொன்றைத் தேடிப்போய் மூச்சை இழுத்து நிரப்பிக்கொள்வேன்.

காலையில் மொபெட்டுகள். டி.வி.எஸ். கம்பெனி தன் ரேஸ் அணியை 1982-ல் ஆரம்பித்திருந்தது. கறிகாய் வாங்கப் போகிற ஐம்பது சி.சி. மொபெட்டில் ஒருவன் வயிற்றை டேங்கில் ஒட்டிப் படுத்துக்கொண்டு போவதைப் பார்த்துக் கூட்டம் முதலில் சிரிக்கும், இரண்டாவது சுற்றில் சிரிப்பு நின்றுவிடும். பிறகு எஸ்டி, சுசுகி, ஆர்.எக்ஸ். 100. கடைசியில் ராஜ்தூத் 350. அது கிளம்பினால் கூட்டமே எழுந்து நிற்கும். முன்சக்கரம் தரையைவிட்டுத் தூக்கும்போது மாமா பல்லைக் கடித்துக்கொண்டு "டேய் டேய் டேய், அமுக்கு" என்பார், ரைடருக்குக் கேட்கிற மாதிரி. புல்லட்காரருக்கு ஜப்பான் வண்டிமேல் அவ்வளவு ஆசை. வெளியில் ஒப்புக்கொள்ளமாட்டார். "அது ஓடும். எத்தினி வருசம் ஓடும்?"

கார்களில் எனக்குப் பிடித்தது டால்ஃபின். பெங்களூர் சிப்பானி கம்பெனியின் ஃபைபர் உடம்பு, 848 சி.சி. என்ஜின். ரோட்டில் பார்த்தால் பரிதாபமாக இருக்கும், யாரும் வாங்கவில்லை. ரேஸில் அந்த எடையில்லாத பொடியன், மூச்சு வாங்கும் ஃபியட்டுகளின் நடுவில் புகுந்து புறப்படும். பெரிய கம்பெனிக் கார்களைச் சின்னக் கம்பெனிக் கார் அடிப்பதைப் பார்க்கும் சுகம் வேறு எதிலும் வராது.

கடைசியாக ஃபார்முலா கார்கள் வரும். ஸ்பீக்கரில் இங்கிலீஷில் யாரோ பேசிக்கொண்டே இருப்பார், எங்கள் பக்கத்துக் கூட்டத்துக்கு அதில் பேர்கள் மட்டும் புரியும். ராஜாக்கள், மில் முதலாளிகள், எஸ்டேட்காரர்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் விஜய் மல்லையா சீமையிலிருந்து என்ஸைன் ஃபார்முலா ஒன் காரையே இறக்கி இங்கே ஓட்டினார். நான் அதைப் பார்த்த வயதில்லை. ஆனால் எங்கள் தெருவில் அதன் சத்தத்தை வாயால் போட்டுக் காட்டுகிற அண்ணன்கள் இருந்தார்கள். கோயம்புத்தூர் கரிவர்தனுக்குத்தான் எங்கள் ஆட்களிடம் மரியாதை. அவரும் மில் குடும்பம்தான். ஆனால் வாங்கி ஓட்டுகிறவர் மட்டுமில்லை, செய்து ஓட்டுகிறவர். தன் ஊர்ப் பட்டறையில் ரேஸ் கார் கட்டினார். மாருதி 800 என்ஜினை வைத்து அவர் செய்த ஒற்றை இருக்கை ஃபார்முலா மாருதிதான் நடுத்தரக் குடும்பத்துப் பையன்கள்கூட ரேஸ் காரில் உட்காரலாம் என்ற கதவைத் திறந்தது. நரேன் கார்த்திகேயன் ஓட்டிப் பழகியதும் அதில்தான். "ஸ்பேனர் புடிச்ச கை" என்பார் மாமா. அவர் வாயில் அதைவிடப் பெரிய பட்டம் கிடையாது. 1995-ல் குட்டி விமானம் விழுந்து கரிவர்தன் இறந்த செய்தி வந்த அன்றைக்கு மாமா ஷிப்டுக்குப் போகவில்லை.

ஸ்பேனர் பிடித்த கைகள்தான் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்ற கூட்டம் முழுக்க. இதைச் சொல்லாமல் சோழவரம் ரேஸைச் சொல்ல முடியாது. ஓட்டியவர்கள் யாரோ, எங்கிருந்தோ வந்தவர்கள். பார்த்தவர்கள் அந்த வண்டிகளின் குடலறிந்தவர்கள். எண்ணூர் லேலண்டில் நாற்பதுகளின் கடைசியிலிருந்து வண்டி வேலை. திருவொற்றியூரில் 1955-லிருந்து என்ஃபீல்டு. அதே திருவொற்றியூரில் 1946-ல் மாம்மன் மாப்பிள்ளை ஒரு கொட்டகையில் பலூன் செய்ய ஆரம்பித்து, டயர்வரை வளர்ந்த எம்.ஆர்.எஃப். மணலியில் 1969-லிருந்து ஓடும் ரீபைனரி. எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து ஒரு வட்டம் போட்டால் என்ஜின், சேஸிஸ், டயர், பெட்ரோல் நாலும் அதற்குள் அடங்கும். அவற்றைச் செய்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை லீவில் ஒரே இடத்தில் கூடினால் பேச்சு எப்படி இருக்கும்? "மூணாவது பிளக்கு போச்சு, கேக்குதா?" என்பார் ஒருவர். "பிளக்கு இல்லண்ணே, மிக்ஸ்சர் லீனா கீது" என்பார் இன்னொருவர். அடுத்த சுற்றில் அந்த வண்டி புகைந்து ஓரம் கட்டும். வந்து நிற்கிறவன் மெக்கானிக்கிடம் என்ன சொல்கிறான் என்று எட்டிப் பார்த்து, தோற்றவர் ஜெயித்தவருக்கு டீ வாங்கித் தரவேண்டும். டயர் கம்பெனிக்காரர்கள் ரேஸையே பார்க்க மாட்டார்கள், ரேஸ் முடிந்ததும் டயரைப் பார்ப்பார்கள். தேய்மானம் ஓரத்தில் அதிகமா நடுவில் அதிகமா என்று ஒரு விவாதம் நடக்கும்.

ஒருமுறை ஒரு ரைடர் எங்கள் வளைவில் விழுந்தார். பின்சக்கரம் வழுக்கி, வண்டி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். வைக்கோல் கட்டு சிதறி எங்கள் தலைமேல் மழை மாதிரி விழுந்தது. கூட்டம் கயிற்றைத் தாண்டி ஓடியது. எனக்கு ஆச்சரியமாக இருந்தது, பாதிப்பேர் ஆளிடம் ஓடினார்கள், பாதிப்பேர் வண்டியிடம். மாமா வண்டியிடம் ஓடியவர்களில் ஒருவர். பெட்ரோல் காக்கை மூடிவிட்டு வந்து "சும்மா வுட்டா பத்திக்கும்டா" என்றார். ரைடர் எழுந்து நொண்டிக்கொண்டு நடந்ததும் கைதட்டல். பாதுகாப்பு என்று பார்த்தால் அங்கே ஒன்றுமே கிடையாது. வைக்கோலும் கயிறும் சாமியும்தான். பின்னால் சாய்ந்து யோசிக்கும் வயதில் இப்போது அதை நினைத்தால் வயிறு கலங்குகிறது. அங்கே ரேஸ் நின்றது நியாயம் என்றுதான் சொல்வேன்.

1990-ல் கிளப் ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் சொந்த டிராக் திறந்தது. 3.7 கிலோமீட்டர், பன்னிரண்டு வளைவு, தடுப்புச் சுவர், உருண்டு போனாலும் நிற்க இடம். ரேஸுக்கென்றே போட்ட டிராக். சோழவரம் ஓய்ந்தது. எனக்கு அப்போது பத்தாம் வகுப்புப் பரீட்சை, பெரிதாக உறைக்கவில்லை. மாமாதான் அந்தத் தை மாதம் முழுக்க என்ன செய்வதென்று தெரியாமல் புல்லட்டைப் பிரித்துப் போட்டுச் சேர்த்துக்கொண்டிருந்தார். "பெங்களூர் ரோட்டுக்குப் போயிடுச்சு" என்றார், பெண்ணைத் தூரத்தில் கட்டிக் கொடுத்தவர் குரலில். இருங்காட்டுக்கோட்டைக்கு எங்கள் ஊரிலிருந்து மெட்ராஸையே குறுக்கே கடக்க வேண்டும். பனங்கிழங்கு தின்று முடிப்பதற்குள் போய்ச் சேர்கிற தூரமில்லை.

வெறும் ரேஸ்தானே என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஆனால் ரேஸ்தான் முதலில் மூட்டை கட்டியது. மற்றவை பின்னாலேயே போயின. தொண்ணூறுகளின் கடைசியில் ஹூண்டாய் வந்து இறங்கியது அதே இருங்காட்டுக்கோட்டையில். ஃபோர்டு மறைமலை நகருக்குப் போனது. உதிரிபாகக் கம்பெனிகள் அவற்றைச் சுற்றிக் கூடு கட்டின. 1994-ல் கைமாறிய என்ஃபீல்டு 2013-ல் ஓரகடத்தில் புதுத் தொழிற்சாலை திறந்தது, 2017-ல் வல்லம் வடகாலில் இன்னொன்று. மோட்டார் மெட்ராஸின் நடு, வடக்கிலிருந்து தென்மேற்குக்கு நகர்ந்துவிட்டது. எங்களுக்கு மிச்சம் ரீபைனரி, அனல் மின்நிலையம், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் வரிசை. செங்குன்றத்துப் பக்கம் இன்று போனால் சோழவரத்தில் ரேஸ் நடந்தது என்று சொல்ல ஒரு பலகை கண்ணில் படாது. இந்தியாவுக்கு ஃபார்முலா ஒன் ஓட்டுநர்கள் இரண்டு பேர், நரேன் 2005-ல், கருண் சந்தோக் 2010-ல். கருணின் தாத்தா இந்து சந்தோக் கிளப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர், அப்பா விக்கி சந்தோக் சோழவரத்தில் ஓட்டியவர். அந்த வரலாறு தொடங்கிய இடத்துக்கு ஒரு கல் நடலாம். கிரிக்கெட்டாக இருந்திருந்தால் நட்டிருப்பார்கள்.

2024 ஆகஸ்ட் கடைசியில் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 நடந்தபோது மாமாவை அழைத்துப் போகலாமா என்று கேட்டேன். எழுபதைத் தாண்டிவிட்டார், முட்டி வலி. "நைட்டுல லைட்டு போட்டு ஓட்டுறாங்களாமே, வேணாம்" என்றார். அவருக்குப் பிடித்தது வேறு. கரிவர்தன் பேரில் கோயம்புத்தூரில் இருக்கும் டிராக்கில் என்ஃபீல்டு கான்டினென்டல் ஜி.டி. வண்டிகளுக்கென்றே தனிக் கோப்பைப் போட்டி நடக்கிறது. மாமாவின் மகன், வல்லத்தில் வேலை, விடியற்காலை கம்பெனி பஸ் பிடிக்கிறவன், அதை மொபைலில் போட்டுக் காட்டினான். மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். இருபது முப்பது என்ஃபீல்டு, ஒரே வளைவில், ஒன்றையொன்று இடித்துக்கொள்கிற மாதிரி.

"இதெல்லாம் எங்க பண்ணது? நம்ம திருவொற்றியூரா?"

"இல்லப்பா, அங்க எங்க கம்பெனியில."

"அதான் சத்தம் பத்தல" என்றவர், சவுண்டை ஏற்றச் சொன்னார்.